மாலைக்கண் கொண்ட பூஞ்சை

உடையார்பாளையத்துப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில், பொழுது சாய்ந்ததும் திண்ணையை விட்டு இறங்காத பிள்ளைகள் இருந்தார்கள். பகல் முழுக்க முந்திரிக் கொல்லையில் ஓடியாடிய பிள்ளைதான். விளக்கு வைக்கும் நேரம் வந்தால் வாசற்படி எங்கே என்று காலால் துழாவும். கைக்கெட்டும் தூரத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பு கண்ணில் படாது. மாலைக்கண் என்பார்கள். ஆட்டீரல் வாங்கிக் கொடு, முருங்கைக்கீரை ஆக்கிக் கொடு என்று மூத்தவர்கள் சொன்னதில் பொருள் இருந்தது. ஈரலில் வைட்டமின் ஏ இருக்கிறது. கீரையில் இருக்கும் பீட்டா கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது. கண்ணின் விழித்திரை மங்கிய ஒளியைப் பிடிப்பதற்கு அந்தப் பொருள் வேண்டும். 1933-இல் ஜார்ஜ் வால்ட் விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டறிந்தார். 1967-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியாவில் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் திட்டம் 1970-இல் தொடங்கியது. இப்போது ஒன்பதாம் மாதத்தில் ஒரு லட்சம் யூனிட், பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட் என்பது கணக்கு. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சின்னக் கரண்டியில் ஊற்றிவிடுகிறார்கள். மாலைக்கண் என்ற சொல்லைக் கேட்டே இராத பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். இந்த மாற்றம் சிறிதல்ல.

இதே மாலைக்கண் பூஞ்சைக்கும் உண்டு. பூஞ்சைக்குக் கண் ஏது என்று கேட்கலாம். கண் இல்லை, ஆனால் ஒளியை உணரும், ஒளி வரும் பக்கம் வளையும். அந்த உணர்வு சில பூஞ்சைகளில் பிறப்பிலேயே பழுதாகிவிடுவது உண்டு. ஒளி நிறைய இருந்தால் வளையும். மங்கலாக இருந்தால் திசை தெரியாமல் நிற்கும். ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட பூஞ்சைகளை இரவுக் குருடு என்றே வகைப்படுத்தினார்கள். மனிதப் பிள்ளையின் மாலைக்கண்ணைப் போலவே இதற்கும் கரோட்டின் குறைதான் காரணமாக இருக்கும் என்று முதலில் எண்ணியவர்களும் உண்டு. அந்த எண்ணம் எப்படிச் சரிந்தது, அதன் இடத்தில் எது வந்தது என்பது எழுபது ஆண்டுக் கதை.

ஒளியைத் தேடும் பூஞ்சையைக் காண உடையார்பாளையத்தை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. மாட்டுச் சாணம் போதும். மேய்ந்து வந்த மாட்டின் புதுச் சாணத்தை ஈரம் காயாமல் சில நாள் வைத்திருந்தால், முதலில் பஞ்சுபோல் ஏதோ படரும். ஒரு வாரத்துக்குள் கண்ணாடிபோன்ற சிறு தண்டுகள் எழும். ஒவ்வொன்றின் மேலும் நீர் நிறைந்த ஒரு குமிழ், அதன் உச்சியில் கறுப்பாக ஒரு தொப்பி. இதன் பெயர் பைலோபோலஸ். இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போகாத உடம்பு. அந்தக் குமிழ் வில்லையாக வேலை செய்கிறது. ஒளி வில்லைக்குள் நுழைந்து அடிப்பகுதியில் விழுகிறது. விழும் இடம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தண்டு வளைந்து அதைச் சரிசெய்கிறது. குறி பார்த்து முடிந்ததும் குமிழுக்குள் நீரின் அழுத்தம் மிகுந்து வெடிக்கிறது. கறுப்புத் தொப்பி ஒளி வந்த திசையில் பறக்கிறது. இரண்டு மீட்டர் தூரம்கூடப் போகும்.

ஏன் இத்தனை பாடு? மாடு தன் சாணத்தை ஒட்டி முளைத்த புல்லை மேயாது. அதனால் தொப்பிக்குள் இருக்கும் வித்து சாணத்திலேயே கிடந்தால் வாழ்வு முடிந்தது. வெளிச்சமுள்ள பக்கம்தான் திறந்தவெளி. அங்கேதான் மாடு வாய்வைக்கும் புல் இருக்கும். புல்லோடு வயிற்றுக்குள் போகும் வித்து சிதையாமல் சாணத்தோடு வெளியே வந்து மறுபடியும் முளைக்கும்.

அன்று இந்தச் சுற்று தடையின்றி நடந்தது. செம்மண் தரிசில் மேயப் போகும் மந்தை, வீட்டுக்கு வீடு எருக்குழி, வைக்கோல் போர், சுவரில் வறட்டி. விவசாயத்துக்கு உரம் என்றால் எரு. ஆடு மாட்டைக் கொல்லையில் கிடை கட்டுவதற்குக் கூலி கொடுத்தார்கள். இன்று பல வீடுகளில் கலப்பினப் பசு கட்டுத்தறியிலேயே நிற்கிறது. அறுத்து வந்த பசுந்தீவனமும் ஆலைத் தீவனமும் அதன் முன்னால் வந்து விழுகின்றன. உழவுக்கு டிராக்டர் வந்ததும் உழவு மாடு போயிற்று. எருக்குழி இருந்த இடத்தில் சிமென்ட் தளம். அரியலூர் சிமென்டுக்குப் பேர் போன ஊர் என்பதால் இந்தப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமும் இல்லை. பைலோபோலஸ் அழிந்துவிடவில்லை, சாணம் இருக்கும்வரை அது இருக்கும். ஆனால் வயிறு, சாணம், புல் என்று மூன்றையும் தொட்டுச் சுழன்ற அதன் வழி பல இடங்களில் அறுந்து கிடக்கிறது.

இரவும் மாறிவிட்டது. சிம்னி விளக்கும் அரிக்கேனும் எரிந்த தெருவில் வெளிச்சம் செம்மஞ்சளாக இருந்தது. அதில் நீலம் மிகக் குறைவு. இந்தப் பூஞ்சைகளுக்குச் சிவப்பு தெரியாது, நீலம்தான் தெரியும். ஆய்வுக்கூடத்தில் இவற்றைக் கையாளுகிறவர்கள் இன்றும் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அன்றைய உடையார்பாளையத்து இரவு, பூஞ்சைக்கு ஏறக்குறைய முழு இருட்டு. இன்று திருச்சி–சிதம்பரம் சாலையில் எரியும் வெள்ளை எல்இடி விளக்கின் உள்ளே இருப்பது நீல ஒளி உமிழும் சில்லு. அதன்மேல் பூசிய மஞ்சள் பொடிதான் அந்த ஒளியை வெள்ளையாக்குகிறது. அந்தச் சில்லின் நீலம் 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி இருக்கிறது. பூஞ்சையின் உணர்வு கூர்மையாக இருப்பதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். தெருவிளக்கை ஒட்டிய குப்பைமேட்டில் முளைக்கும் ஒரு தண்டுக்கு, விளக்கு நிற்கும் பக்கமும் வானம்தான்.

சாணத்துப் பூஞ்சையை விட்டு அதன் உறவுக்காரனிடம் வருவோம். பைலோபோலஸ் வளர்க்கச் சிரமம் கொடுக்கும். சாணத்தில் கிடைக்கும் சில இரும்புச் சேர்மங்கள் இல்லாவிட்டால் நன்றாக வராது. மரபியலாளர்கள் தேர்ந்துகொண்டது ஃபைகோமைசிஸ் ப்ளேக்ஸ்லியானஸ். குளிர்ச்சி விரும்பும் பூஞ்சை, நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவராது. அதன் வித்துத் தண்டு முழுவதும் ஒரே ஒரு செல். பத்து சென்டிமீட்டருக்கு மேல் உயரம், பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமன். மணிக்கு மூன்று மில்லிமீட்டர் வளரும். உச்சியில் உள்ள சிறு உருண்டையில் ஒரு லட்சம் வித்துகள் வரை இருக்கும். நிலவில்லாத இரவின் நட்சத்திர வெளிச்சமே அதற்குப் போதும். உச்சி வெயிலுக்கு நெருங்கிய ஒளியிலும் திசை தவறாது. உணரும் மிகக் குறைந்த ஒளிக்கும் மிக அதிக ஒளிக்கும் இடையே ஆயிரம் கோடி மடங்கு வேறுபாடு. எதிரே ஒரு பொருள் இருந்தால் தொடாமலே விலகி வளைவதும் அதற்குத் தெரியும்.

அந்தத் தண்டு எப்படி வளைகிறது? உருண்டையான, நீர் நிறைந்த கண்ணாடிக் குழாய் ஒளியைக் குவிப்பதுபோல, ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒளியைத் தண்டு எதிர்ப்பக்கச் சுவரில் குவிக்கிறது. குவிந்த பக்கம் விரைந்து வளர்கிறது. ஆகவே தண்டு ஒளியை நோக்கிச் சாய்கிறது. 1918-இல் யோஹன்னஸ் பூடர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் இதை அழகாகக் காட்டினார். தண்டைப் பாரஃபின் எண்ணெயில் மூழ்கவைத்தார். எண்ணெய்க்குள் ஒளி குவியாமல் விரிந்துபோனது. தண்டு ஒளிக்கு எதிர்ப்பக்கம் வளைந்தது. ஆய்வுக்கருவி என்று ஒரு கிண்ணம் எண்ணெய்தான். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இந்தச் சோதனையின்மேல் உள்ள வியப்பு குறைவதில்லை.

ஆனால் குவிந்த ஒளியைத் தொட்டு உணர்வது எது? அது அன்று யாருக்கும் தெரியாது.

மாக்ஸ் டெல்ப்ரூக் 1950களின் தொடக்கத்தில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். பெர்லினில் பிறந்த இயற்பியலாளர். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸைக் கொண்டு மரபணுவின் இயல்பை அலசியவர். 1969-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் அந்த வேலைக்குத்தான். மரபணுவுக்கு வைரஸ் எப்படி எளிய வழி காட்டியதோ, அப்படிப் புலனுணர்வுக்கு இந்தப் பூஞ்சை வழி காட்டும் என்று நம்பினார். கலிஃபோர்னியாவின் பசடேனாவில் கால்டெக்கில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடம், 1981-இல் அவர் இறக்கும்வரை இந்தப் பூஞ்சையோடே வாழ்ந்தது.

வழி எளிது என்று நினைத்தார்கள்: உணர்வு பழுதான பூஞ்சைகளைத் தேடு, எந்த மரபணு பழுதோ அதுதான் உணர்வின் மரபணு. நடைமுறையில் அது கடுமையான வேலை. ஃபைகோமைசிஸ் வித்து ஒவ்வொன்றிலும் உட்கரு ஒன்றல்ல, பல. ஒரு உட்கருவில் பழுது விழுந்தாலும் பக்கத்தில் இருக்கும் நல்ல உட்கருக்கள் வேலையைச் செய்துவிடும். பழுது வெளியே தெரியாது. அதனால் நைட்ரோசோகுவானிடின் என்ற நச்சை, பெரும்பாலான உட்கருக்கள் செத்துப்போகும் அளவுக்குக் கொடுத்தார்கள். பிழைத்த வித்துகளில் பலவற்றில் ஒரே ஒரு உட்கருதான் மிஞ்சியிருக்கும். அதில் பழுது இருந்தால் மறைய இடமில்லை. பிறகு அவற்றை முளைக்கவைத்து, ஒளிக்கு மற்றவைபோல் வளையாத தண்டுகளைப் பொறுக்கி எடுத்தார்கள். 1973-இல் ஸ்பெயினின் அர்துரோ எஸ்லவா, என்ரிகே செர்தா-ஒல்மேதோ ஆகியோர் டெல்ப்ரூக்கின் குழுவோடு சேர்ந்து செய்த இந்த வேலை வெளிவந்தது. பழுதான மரபணுக்களுக்கு டெல்ப்ரூக்கின் பெயரிலிருந்தே மேட் என்று பெயர் வைத்தார்கள். மேட்-ஏ, மேட்-பி என்று வரிசை நீண்டது.

இரண்டு பழுதுகள் ஒரே மரபணுவிலா வெவ்வேறு மரபணுக்களிலா என்று அறிய ஜப்பானியரான தமோத்சு ஊதாகி ஒரு கைவேலை செய்தார். இரண்டு பூஞ்சைகளின் இளந்தண்டுகளை வெட்டி ஒன்றோடு ஒன்று ஒட்டினார். இரண்டின் உட்கருக்களும் கலந்த ஒரு தண்டு முளைத்தது. அது சரியாக வளைந்தால், ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. பழுதுகள் வேறு வேறு. வளையாவிட்டால் இரண்டும் ஒரே இடத்துப் பழுது. மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவரின் பொறுமை இதற்கு வேண்டும்.

இப்படிப் பிரித்துப் பார்த்தபோது குருட்டுத்தனத்திலேயே வகைகள் தெரிந்தன. மேட்-ஏ, மேட்-பி பழுதானால் மாலைக்கண். வளைவு மட்டுமல்ல, ஒளி பட்டால் கரோட்டின் உண்டாவது உட்பட எல்லாமே மந்தம். மேட்-சி பழுதானாலும் மாலைக்கண்தான், ஆனால் கரோட்டின் வழக்கம்போல உண்டாகிறது. வளைவுக்குப் போகும் வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. மேட்-டி முதல் மேட்-ஜி வரையிலானவை பழுதானால் பூஞ்சைக்கு ஒளி தெரிகிறது, கழுத்துதான் வளையவில்லை. புவியீர்ப்புக்கும் அது சரியாக நிமிர்வதில்லை. இவற்றை விறைத்த வகை என்றார்கள். மேட்-எச் பழுதானால் எதிர்மாறாக, தேவைக்குமேல் வளைகிறது. பழுதற்ற பூஞ்சையை எத்தனை ஆண்டு உற்றுப் பார்த்தாலும் இந்தப் படிகள் பிரிந்து தெரிந்திருக்காது. உணர்வது ஒன்று, கடத்துவது ஒன்று, வளைவது ஒன்று என்று நமக்குப் பிரித்துக் காட்டியவை இந்த ஊனப்பட்ட பூஞ்சைகள். மரபணுப் பிறழ்வு என்றால் நோய், கேடு என்று மட்டுமே பேசிப் பழகிய நாம் இதையும் பேச வேண்டும்.

கரோட்டின் கேள்விக்கும் பதில் சொன்னவை பழுதான பூஞ்சைகளே. இயல்பான ஃபைகோமைசிஸ் மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சள் பீட்டா கரோட்டின். கரோட்டின் செய்யும் மரபணு பழுதானவை வெள்ளையாகவோ, லைக்கோபீன் தேங்கிச் சிவப்பாகவோ வந்தன. மனிதக் கண்ணைப் போல் என்றால் இவற்றுக்கு மாலைக்கண் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கரோட்டின் இல்லாமலே நன்றாக வளைந்தன. சந்தேகம் அடுத்ததாக ரைபோஃபிளேவின் பக்கம் திரும்பியது. அதுதான் வைட்டமின் பி2. நம்மிடம் குறைந்தால் வாயோரம் புண்ணாகும். 1981-இல் டெல்ப்ரூக்கின் கூடத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ரைபோஃபிளேவினுக்குப் பதிலாக அதைப் போன்ற வேறொரு மூலக்கூற்றைப் பூஞ்சைக்கு ஊட்டியபோது, அதன் ஒளியுணர்வும் அதற்கேற்ப நகர்ந்தது. அந்தக் கட்டுரையை எழுதிய நால்வரில் ஒருவர் எம். ஜெயராம். ஒளியைப் பிடிக்கும் பொருள் பி2 வழி வந்தது என்பது அநேகமாக உறுதியானது. ஆனால் அந்தப் பொருளை ஏந்தியிருக்கும் புரதம் எது, மேட்-ஏ மரபணு எங்கே இருக்கிறது என்பது அன்று எட்டாத தொலைவில் இருந்தது. அந்தப் பூஞ்சைக்குள் வேண்டிய மரபணுவைப் புகுத்திப் பார்க்கும் நுட்பம் கைகூடவில்லை. இரண்டு பாலினத்தைச் சேர்த்துக் கலப்பு வித்து எடுத்தால் அது முளைக்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வழி திறந்தது வேறொரு பூஞ்சையிலிருந்து. நியூரோஸ்போரா என்ற ஆரஞ்சு நிறப் பூஞ்சையைக் கரும்பு விளையும் ஊர்க்காரர்கள் பார்த்திருக்கக்கூடும். அதன் கலப்பு வித்து சூடுபட்டால்தான் விழிக்கும். அறுவடைக்குப் பின் சோகைக்குத் தீ வைத்த கொல்லையில், கருகிய கட்டைகளின்மேல் ஆரஞ்சுப் பொடியாகப் பூக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரமேஷ் மகேஸ்வரி 1990களில் கரும்புக் கொல்லைகளிலேயே போய் இதன் வாழ்க்கையை ஆராய்ந்தார். ஆய்வுக்கூடத்தில் மட்டும் புகழ்பெற்றிருந்த ஒரு பூஞ்சையை மண்ணிலும் சாம்பலிலும் தேடிய அந்த வேலைக்குத் தமிழில் இன்னும் போதிய பேச்சு இல்லை. இந்த நியூரோஸ்போராவிலும் ஒளி தெரியாத பிறழ்வுகள் இருந்தன. ஒளி பட்டும் அவற்றின் உடல் நிறமில்லாமல் வெளுத்தே இருக்கும். மேலே வித்து மட்டும் ஆரஞ்சாக இருக்கும். ஒயிட் காலர் என்று பெயர். இந்தப் பிறழ்வு இருந்தால் வித்தை வெளியேற்றும் மூக்கும் ஒளிப்பக்கம் வளையாது. அந்த மரபணுவை 1996-இல் ரோமில் பிரித்தெடுத்தார்கள். அது தரும் புரதமே பி2 வழி வந்த ஃபிளேவினை ஏந்தி நீல ஒளியைப் பிடிக்கிறது என்பதை 2002-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினார்கள். ஒளி பட்டதும் புரதத்தின் வடிவம் மாறும். துணைப் புரதத்தோடு சேர்ந்து டி.என்.ஏ.வில் அமர்ந்து, வேண்டிய மரபணுக்களை முடுக்கிவிடும்.

2006-இல் மேட்-ஏ பிடிபட்டது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த அலெக்சாண்டர் இட்னம், ஜோசஃப் ஹெய்ட்மன் ஆகியோரும் செவில்லே, சலமான்கா நகரங்களின் ஸ்பானியக் குழுக்களும் சேர்ந்து கண்டது: மேட்-ஏ, நியூரோஸ்போராவின் ஒயிட் காலர் மரபணுவுக்கு நெருங்கிய உறவு. 1973-இல் குருடென்று ஒதுக்கி வைத்திருந்த அதே பூஞ்சைகளை எடுத்து வாசித்தபோது, அந்த மரபணுவில் பழுது எழுத்துகள் இருந்தன. 2009-இல் மேட்-பி அதன் துணைப் புரதத்துக்கான மரபணு என்று தெரிந்தது. 2016-இல் ஃபைகோமைசிஸின் முழு மரபுத்தொகுதியும் வெளிவந்தது. பழங்காலத்தில் எப்போதோ அந்த மரபுத்தொகுதி மொத்தமாக இரட்டித்ததால், ஒளியுணரும் மரபணுக்களும் பெருகியிருந்தன. 2017-இல் மேட்-சி-யின் முறை: செல்லுக்குள் செய்தி கடத்தும் ராஸ் புரதத்தைக் கட்டுப்படுத்துவது அது. உணர்வு பழுதாகாமல் வழி மட்டும் அடைபட்டிருக்கிறது என்று 1970களில் ஊகித்தது சரிதான்.

இந்த அறிவுக்கு உடையார்பாளையத்துப் பக்கம் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது, பெயர் தெரியாமலே. அன்று காளான் என்றால் இடி இடித்து மழை பெய்த மறுநாள் புற்றோரத்தில் தேடிப் பறிப்பது. இன்று கொட்டகை போட்டு வைக்கோல் படுக்கையில் சிப்பிக் காளான் வளர்க்கிறார்கள். வித்துப் பரவும் முதல் இரண்டு, மூன்று வாரம் படுக்கையை இருட்டறையில் தொங்கவிடுவார்கள். பிறகு வெளிச்சமும் காற்றும் உள்ள அறைக்கு மாற்றுவார்கள். வெளிச்சமும் காற்றோட்டமும் குறைந்தால் தண்டு நீண்டு, குடை சிறுத்துப்போகும். சந்தையில் விலை போகாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பால் காளானுக்குப் பாதி மண்ணுக்குள் இறக்கிய கொட்டகையில் நீல நிறப் பாலித்தீன் விரிப்பைப் போடச் சொல்கிறார்கள். சாணத்திலும் வைக்கோலிலும் முளைக்கும் ஒரு சிறு குடைக்காளானில் ஜப்பானியர்கள் 2005-இல் ஒரு குருட்டுப் பிறழ்வைக் கண்டார்கள்: வெளிச்சத்தில் வைத்தாலும் அது இருட்டில் வளர்ந்ததுபோல் தண்டு நீண்டு, குடை வளராமல் நின்றது. பழுது இருந்தது ஒயிட் காலரின் உறவுக்கார மரபணுவில். கொட்டகையில் வேலை செய்யும் பெண்கள் கண்ணால் பார்த்துத் திருத்தும் அதே கோளாறின் மரபணுப் பக்கம் இது. காளான் பயிற்சி கொடுக்கிறவர்கள் இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று விரும்புகிறேன். என்ன செய்வது என்று மட்டும் சொல்லி, ஏன் என்பதை மறைப்பது உழைக்கிறவர்களுக்குச் செய்யும் குறை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் எளிது. மேய்ச்சல் மாட்டின் புதுச் சாணத்தைக் கொஞ்சம் எடுத்து, நனைத்த துணியோ தாளோ விரித்த கண்ணாடிப் புட்டியில் வைக்கவேண்டும். இறுக்கி மூடக்கூடாது, ஈரம் காயவும் கூடாது. புட்டியைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டி, ஒரு பக்கம் காசளவு துளை, எதிர்ப்பக்கம் அதே அளவு இன்னொரு துளை. ஒன்றில் நீலக் கண்ணாடித்தாள், மற்றதில் சிவப்பு. ஜன்னல் வெளிச்சம் இரண்டு பக்கமும் விழும்படி, ஆனால் நேர் வெயில் படாமல், ஒரு வாரம் பத்து நாள் வைத்திருந்து பார்க்கலாம். தாளைக் கிழித்ததும், கண்ணாடியின் உட்புறம் ஒட்டிக்கிடக்கும் கறுப்புப் புள்ளிகளை இரண்டு பக்கமும் எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.